பூஜ்யத்திலிருந்து எண்ணவும்

கண்ணாடிக்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பகலெல்லாம் ஊராரின் பார்வையைச் சரிசெய்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் முக்காலியை நிறுத்தி, அதன்மேல் பைனாகுலரைப் பூட்டி, செத்துப்போன செயற்கைக்கோள்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். உயிரோடு இருப்பவற்றின்மேல் அவருக்கு அக்கறை கிடையாது. அவை ஒரே சீரான வெளிச்சத்தோடு, வாத்தியாருக்குப் பயந்த பிள்ளை மாதிரி, வானத்தைக் கடந்து போய்விடும். கட்டுப்பாடு இழந்ததுதான் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் பலகை வெயிலை வாங்கி நம் பக்கம் ஒரு தடவை அடிக்கும். பளிச், பிறகு இருட்டு, மறுபடி பளிச். பளிச்சுகளை எண்ணி, ஆன நேரத்தை அந்த எண்ணால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி என்று தெரிந்துவிடும். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டவர்களுக்கு அவர் கடையில் ஃபிரேம் துடைத்துக் கொடுப்பதில்லை.

இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. யார் எதைப் பார்த்தார்கள், எத்தனை வினாடி என்று அதில் எழுதுவார்கள். குழுத் தலைவரை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. திருத்துவதிலேயே பிறவிப் பயன் கண்டவர் என்பதால் கண்ணாடிக்காரர் அவருக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

ஹெட்மாஸ்டர்தான் அவர் மானத்தை வாங்கியது. முதல் பளிச்சைப் பார்த்ததும் கடிகாரத்தைத் தட்டிவிட்டு "ஒண்ணு" என்பது கண்ணாடிக்காரரின் வழக்கம். கடையில் லென்ஸை எண்ணிப் பழகிய வாய். ஆனால் முதல் பளிச்சில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது, அவ்வளவுதான். இன்னும் ஒரு சுற்றும் முடியவில்லை. அதைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டும். இல்லாவிட்டால் கணக்கில் இல்லாத ஒரு சுற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படித் தப்பும் தவறுமாக அவர் அனுப்பிவைத்த அறிக்கைகளைத் தோண்டி எடுத்து, குழு நடுவில் போட்டு உடைத்தார் ஹெட்மாஸ்டர். போதாததற்கு, கண்ணாடிக்காரர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே குறிப்பும் எழுதினார்: "ஒன்றிலிருந்து எண்ணுபவர்."

அந்த நட்சத்திரக் குறி போக வேண்டும். கண்ணாடிக்காரருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. வேறெவரும் பார்க்காத ஒன்றை முதலில் பார்த்து, சரியான எண்ணோடு சொன்னால் எடுத்துவிடுகிறேன் என்று ஹெட்மாஸ்டரும் வாக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து எண்ணும் பொறுப்பு மனைவியிடம் போய்விட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு.

"நான் விசில் ஊதின உடனே ஒரு ரவுண்டு முடிஞ்சுபோச்சுன்னு எந்தப் பிள்ளைகிட்டயாவது சொல்வேனா?" என்று டீச்சர் ஒரு தடவை கேட்டார்.

இவர்களுக்கு ஒரே மகள். மருமகன் வேறெங்கும் இல்லாமல் செயற்கைக்கோள் கம்பெனியில், கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர். மாமனாருக்குக் கொண்டாட்டம் என்றுதான் நினைக்கத் தோன்றும். மாப்பிள்ளைக்கோ மாமனாரின் மாடி வேலை, விருந்தில் நாலு பேரைச் சிரிக்கவைக்க உதவும் சங்கதி.

"என்ன மாமா, இன்னைக்கு எத்தனை மின்மினி சிக்குச்சு?" என்று பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்பார். "எங்களோடதை ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன். எண்ணவே முடியாது. செவுரு மாதிரி நிக்கும்."

உறவினர்கள் சிரிப்பார்கள். மாப்பிள்ளை சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்காமலிருந்தால் மகளுக்கு மரியாதையில்லை என்று கண்ணாடிக்காரரும் பல்லைக் காட்டுவார். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரியும்.

டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்த ஒரு மாலையில்தான் அது நடந்தது. மாப்பிள்ளையின் அந்தச் செவுரு எதிர்வீட்டு மாடிக்கு மேலே வந்தது. வந்ததும் கண்ணடித்தது. கண்ணாடிக்காரர் முதலில் நம்பவில்லை. பைனாகுலர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார், கடையில் யாராவது அப்படித் துடைத்தால் திட்டுவார். அது மறுபடியும் பளிச்சென்றது. செல்போனில் கடிகாரத்தைத் தட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினார். இருபது வரை வந்தது. அதற்குள் அது மரத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

அன்றைக்குச் சந்தோஷத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடனே குழுவில் எழுதக் கை பரபரத்தது. ஆனால் பழைய அவமானம் நினைவுக்கு வர, டீச்சர் வந்ததும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதலாம் என்று தன்னைத்தானே பிடித்துவைத்தார்.

மறுநாள் காலை கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. மாப்பிள்ளை குனிந்து உள்ளே வந்தார், கையில் ஒரு பை ஆப்பிளோடு.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன் மாமா."

வீடு ஊரின் ஒரு கோடி, ஆபீஸ் இன்னொரு கோடி. இந்தப் பக்கமாக வருவதற்கு ஆள் வழி தப்பியிருக்க வேண்டும். கண்ணாடிக்காரர் கண் பரிசோதிக்கும் நாற்காலியைக் காட்டினார். மாப்பிள்ளை உட்கார்ந்தார். தாடை மழிக்கப்படவில்லை, சட்டை நேற்றையது.

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் மாமா. ஏதோ ஒரு செயற்கைக்கோள், எங்களோடது இல்ல, சுத்துதுன்னு வெச்சுக்குவோம். நீங்க அதைப் பார்த்திருந்தா, எத்தனை வினாடிக்கு ஒரு சுத்துன்னு சொல்ல முடியுமா?"

கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை முகத்தில் காட்டாமல், லென்ஸ் மாட்டிப் பார்க்கும் ஃபிரேமை எடுத்து மாப்பிள்ளையின் மூக்கில் வைத்து, பெட்டியிலிருந்த தடித்த லென்ஸ்களாகப் பார்த்து இரண்டை அதில் சொருகினார்.

"எதிர்ல எழுத்து தெரியுதா மாப்பிள்ளை?"

"ரொம்ப மங்கலா இருக்கு மாமா."

"நீங்க கேக்குறதும் எனக்கு அப்படித்தான் இருக்கு. எந்தச் செயற்கைக்கோள், யாரோடதுன்னு கொஞ்சம் தெளிவாச் சொன்னா நல்லாருக்கும்."

அந்த நேரம் பார்த்து, கழன்ற திருகாணியை முடுக்கிக்கொள்ள ஒரு தபால்காரர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை மென்று முழுங்கினார். கண்ணாடிக்காரர் தபால்காரரின் ஃபிரேமை வாங்கி, அவசரமே இல்லாமல் திருகாணியைத் தேடினார். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து வாங்கிய கிண்டலெல்லாம் அவர் கையை மெதுவாக ஓட்டியது.

"சுத்துது மாமா," என்றார் மாப்பிள்ளை கடைசியில். "எங்களோடதுதான்."

"தலை சுத்துதா சார்?" என்றார் தபால்காரர் பரிவோடு. "லென்ஸ் பவர் கூடியிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

தபால்காரர் போனதும் மாப்பிள்ளை எல்லாவற்றையும் கொட்டினார். செயற்கைக்கோள் பேச்சை நிறுத்திவிட்டது. ஆன்டெனா ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, கண் சிமிட்டும் நேரம்தான் பூமியின் பக்கம் திரும்புகிறது. அந்த நேரம் பார்த்துத் திரும்பத் திரும்பக் கட்டளை அனுப்பினால்தான் அது காதில் வாங்கும், ராட்டினத்தில் சுற்றுகிறவன் கையில் கீழேயிருந்து சாவிக்கொத்தை எறிவது மாதிரி. பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களிடம் கேட்டால், மறுநாளே விஷயம் சந்திக்கு வந்துவிடும். பேட்டரி இன்று மாலை வரைதான் தாங்கும்.

"அதுக்கப்புறம்?"

"கோளாறு நடந்தது என் ஷிப்ட்ல மாமா. அது போச்சுன்னா நானும் போனேன்."

கண்ணாடிக்காரர் லென்ஸ்களைக் கழற்றினார். "ஆறு புள்ளி ஆறு அஞ்சு வினாடி," என்றார். சொன்னபோது குரல் அவருக்கே கம்பீரமாகக் கேட்டது. "ஆனா இதை நான் எங்க குழுவுல எழுதணும்."

"சரியானப்புறம் தாராளமா எழுதுங்க மாமா. யாராவது கேட்டா நானே சாட்சி சொல்றேன்," என்ற மாப்பிள்ளை அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆப்பிள் பையை விட்டுவிட்டு ஓடினார்.

அன்று பூராவும் கண்ணாடிக்காரர் கடையில் மிதந்துகொண்டிருந்தார். ஒரு வாடிக்கையாளருக்கு இடது லென்ஸை வலதுபக்கம் மாட்டினார். மாலையில் டீச்சர் கிட் பையோடும் வெயிலில் கறுத்த முகத்தோடும் வந்து இறங்கியதும், வாசலிலேயே நிறுத்தி, மாப்பிள்ளை எப்படி வழிந்தார் என்பதை நடித்தே காட்டினார். டீச்சர் ஆப்பிளைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடிகாரம் யார் பிடிச்சா?"

"நானேதான். போன்லயே பிடிச்சேன்."

"எண்ணினது?"

"அதுவும் நான்தான். இருபது பளிச்சு."

"முதல் பளிச்சுக்கு என்ன சொன்னீங்க?"

கண்ணாடிக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

டீச்சர் ஆப்பிளைக் கீழே வைத்தார். "போன் பண்ணுங்க."

"கொஞ்சம் யோசிக்க விடு."

அவர் யோசித்ததைச் சொல்லத்தான் வேண்டும், மனிதர் அவ்வளவு நல்லவர் ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று யோசித்தார். கட்டளை போய்ச் சேராவிட்டால் பேட்டரி மேல் பழி போகும். போன் செய்தாலோ, காலையில் மூக்கில் ஃபிரேம் மாட்டி உட்காரவைத்த அதே ஆளிடம், சாயந்திரம் தலையைச் சொறிய வேண்டும்.

"நம்ம பொண்ணு வீட்டுல அடுப்பு எரியுறது அந்த வேலையில," என்றார் டீச்சர். "இதுல உங்களுக்கு என்ன யோசனை?"

"ஒண்ணுலேர்ந்து எண்ணுறவன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் என்ன சொல்றாங்களாம்?"

அவர் போனை எடுத்தார். மறுமுனையில் மாப்பிள்ளை, "மாமா, ஸ்பீக்கர்ல இருக்கீங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல அனுப்பப்போறோம்," என்றார். பின்னால் பல பேர் குரல். அவர்களில் ஒரு பெண் அதிகாரி, "யாரது லைன்ல?" என்று அதட்டினார்.

"நான் மாப்பிள்ளையோட மாமனார்ங்க. காலையில குடுத்த எண் தப்பு. நான் வந்து..." டீச்சர் முறைத்தார். "நான் ஒண்ணுலேர்ந்து எண்ணிட்டேன். பூஜ்யத்துலேர்ந்து எண்ணியிருக்கணும். இருபதால வகுத்தது தப்பு, பத்தொன்பதால வகுக்கணும். ஏழு வினாடி. சரியா ஏழு."

மறுமுனையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். "ஏழுன்னு மாத்துங்க," என்றார் அந்த அதிகாரி. போன் அணைந்தது.

எறிந்த சாவிக்கொத்து கைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மாலை புருஷனும் பெண்டாட்டியுமாக மாடியிலிருந்து பார்த்தபோது, எதிர்வீட்டுக்கு மேலே சீரான ஒரு புள்ளி வந்து, சீராகவே கடந்து போனது. கண்ணாடிக்காரருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கீழே இறங்கிவந்து, ஒரு எழுத்துக்கு மூன்று தடவை பார்த்துப் பார்த்து, குழுவில் அறிக்கை எழுதினார்: இன்ன தேதியில் சுற்றியது, ஏழு வினாடி, இப்போது நின்றுவிட்டது.

உலகத்தின் நாலா பக்கமும் ஆட்கள் மாடியேறிப் பார்த்தார்கள். அது செவுரு மாதிரி நின்றது. யாரோ கம்பெனிக்கே எழுதிக் கேட்டார்கள். கம்பெனியிலிருந்து அறிக்கை வந்தது: "எங்கள் செயற்கைக்கோள் எந்த நேரத்திலும் கட்டுப்பாட்டை இழக்கவில்லை. குறிப்பிட்ட தகவல் பொழுதுபோக்குப் பார்வையாளர் ஒருவரின் கண்பிழை." கையெழுத்து மாப்பிள்ளையுடையது.

ஹெட்மாஸ்டர் எழுதியது ஒரே வரி. "இதுவரை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது, இனி இரண்டு."

கண்ணாடிக்காரர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"எழுத்துல அப்படித்தான் மாமா வரும்," என்றார் மாப்பிள்ளை பூசி மெழுகி. "கம்பெனி விஷயம். மனசுல வெச்சுக்காதீங்க."

மனதில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குப் புரியவில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அந்த மாலையும் அடுத்த மாலையும் பைனாகுலர் அலமாரியிலேயே கிடந்தது.

சில வாரம் கழித்து மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்தது. நெருக்கடியில் நிதானமாகச் செயல்பட்டதற்காம். எந்த நெருக்கடி என்று யாரும் கேட்கவில்லை. மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா வீட்டில்தான் விருந்து என்று முடிவுசெய்து, மாப்பிள்ளையின் அண்ணன், அண்ணி, சித்தப்பா, அத்தை என்று கூடம் நிறைய ஆட்களைக் கூட்டிவந்துவிட்டாள். பேச்சு எங்கெங்கோ சுற்றிவந்து, கடைசியில் கண்ணாடிக்காரர் தலையில் இறங்கியது.

"மாமாவுக்கு நான் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன்," என்று மாப்பிள்ளை ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே மூக்குக் கண்ணாடி. கடைவீதியில் புதிதாகத் திறந்திருந்த பெரிய கடையின் பெயர் பெட்டிமேல் மின்னியது. "இனிமே நிக்குறது சுத்துற மாதிரி தெரியாது."

கூடமே குலுங்கிச் சிரித்தது. சித்தப்பா தொடையைத் தட்டினார். கண்ணாடிக்காரர் வாங்கி மாட்டிக்கொண்டார். பவர் ஒத்துவரவில்லை. காதில் மாட்டும் வலது காம்பில் திருகாணி சரியாக முடுக்கப்படவில்லை என்பதை விரல் தானாகவே கண்டுபிடித்தது.

மகள் மட்டும் சிரித்து முடித்துவிட்டு அவரையே பார்த்தாள். "ஏம்ப்பா, நிஜமாவே அன்னைக்கு அது சுத்துச்சா?"

மாப்பிள்ளை தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் மகளின் முகத்தைப் பார்த்தார். இத்தனை பேருக்கு நடுவில் அந்த முகம் சுருங்குவதை அவரால் பார்க்க முடியாது.

"இல்லம்மா. எனக்குத்தான் கண்ணு ஏதோ..." என்று இழுத்துவிட்டு எழுந்து, மாடிப்படி பக்கம் போனார்.

வெளியே வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. டீச்சர் அவருக்கு முன்பே முக்காலியை நிறுத்தி, பைனாகுலரையும் பூட்டி, ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு இதெல்லாம்?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல அது வரும்ல. கண்ணு சரியில்லைன்னா உட்காருங்க, நான் பாக்குறேன்."

அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். பைனாகுலரில் கண்ணை வைத்தார். அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை காதில் போனோடு வந்தார். போனின் திரை இருட்டாக இருந்தது.

"கீழ சிக்னல் கிடைக்கல," என்றார் யாரும் கேட்காமலே. கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா... நிக்குதுல்ல?" என்றார்.

"கண்ணு கெட்டவன்கிட்ட கேக்குறீங்களே மாப்பிள்ளை."

"அதில்ல மாமா. எங்க திரையில எல்லாம் நல்லாத்தான் காட்டுது. மத்தியானத்துலேர்ந்து தகவல் மட்டும் விட்டு விட்டு வருது. அதான்."

எதிர்வீட்டு மாடிக்கு மேலே புள்ளி ஏறியது. சீராக வந்தது. மாப்பிள்ளை பெருமூச்சு விட்டு, திரும்பி, முதல் படியில் காலை வைத்தார்.

"பூஜ்யம்," என்றார் கண்ணாடிக்காரர்.

டீச்சரின் கட்டைவிரல் அழுந்தியது. மாப்பிள்ளை படியிலேயே நின்றார். கீழே தட்டுகளின் சத்தமும் சித்தப்பாவின் சிரிப்பும் கேட்டன.

"ஒண்ணு."

"மாமா," மாப்பிள்ளையின் குரல் வறண்டிருந்தது. "எத்தனை வினாடி மாமா?"

கண்ணாடிக்காரர் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு," என்றார். பிறகு, "கடையில அன்னைக்கு 'சுத்துது, எங்களோடதுதான்'னு ஒரு வார்த்தை சொன்னீங்கல்ல. கீழ போய் எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லிட்டு வாங்க. வர்றதுக்குள்ள எண்ணி வைக்கிறேன்."

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். எத்தனையோ தடவை கைகொடுத்த மாமியார்.

"சீக்கிரம் போங்க மாப்பிள்ளை," என்றார் டீச்சர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "மரத்துக்குப் பின்னால போயிட்டா அப்புறம் நாளைக்குத்தான்."

செருப்புச் சத்தம் மெதுவாக இறங்கியது. பாதியில் நின்று, மறுபடி இறங்கியது.

"மூணு," என்றார் கண்ணாடிக்காரர். "நாலு."

கீழே சிரிப்பு நின்றது. தட்டுச் சத்தமும் நின்றது. மாப்பிள்ளை பேசியது மாடிக்குக் கேட்கவில்லை. மகளின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அப்ப, எங்கப்பாவுக்குக் கண்ணாடி எதுக்கு வாங்கினீங்க?"

கண்ணாடிக்காரருக்குப் பைனாகுலர் கொஞ்சம் மங்கலானது. கண்ணைத் துடைக்க நேரமில்லை.

"அஞ்சு," என்றார்.